நிலநடுக்கக் கருவியைப் பூமிக்கு அடியில் வைப்பது ஏன்? திருவனந்தபுரத்துக்கு அதனால் என்ன லாபம்?

எங்கேயாவது நிலம் ஆடினால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும்: ‘அடுத்தது நம்ம ஊர், இந்தத் தேதியில்.’ யோசிக்காம அழிச்சிடுங்க. நிலநடுக்கத்தின் நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டியே சொல்லும் கருவி உலகத்தில் எங்குமே இல்லை.

அப்போ நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட நில அதிர்வு நிலையங்கள் எதுக்கு? நீங்கள் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர் என்றால், கடல் உங்கள் அலுவலகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். கேள்வி உங்களுக்கானது.

2004 டிசம்பர் 26, காலை 6.28-க்குப் பிறகு சில நொடிகள். சுமத்ரா அருகே கடலடியில் பாறை உடைந்தது. அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 2,200 கி.மீ. பாறை வழியாக ஓடும் முதல் அதிர்வு, அதாவது பி அலை, இந்தத் தூரத்தைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. சுனாமியோ தமிழகக் கரையைத் தொட 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கேரளத்துக்கு இன்னும் தாமதம். அப்படியும் கொல்லம் மாவட்டம் ஆலப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேரம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கென ஒரு எச்சரிக்கை அமைப்புதான் அன்று இல்லை.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையத்தில் அது வந்தது. பெரிய நடுக்கம் பதிவானால் சுமார் 10 நிமிடத்தில் முதல் அறிவிப்பு. 2025 ஜூலை 30 அதிகாலை ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவில் நடுக்கம் வந்தபோது, இந்தியாவுக்கு ஆபத்தில்லை என்று சொன்னதும் இந்த மையம்தான்.

சரி, கருவி ஏன் பூமிக்கு அடியில்? அது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அசைவையும் பிடிக்கும். லாரி, ரயில், காற்றில் ஆடும் தென்னை, வெயிலில் விரியும் சுவர் எல்லாமே அதற்கு இரைச்சல். கெட்டியான பாறையில், ஆழத்தில் வைத்தால் இவை அடங்கும். கடலலை கரையில் மோதும் இரைச்சல் மட்டும் அங்கேயும் விடாது. மழைக்காலத்தில் அது இன்னும் கூடும்.

ஒன்று கவனிங்க. சுமத்ராவில் பாறை உடைந்தால் கழக்கூட்டத்தில் உங்கள் மேஜை ஆடாமலே போகலாம். ‘ஆட்டமே தெரியலையே’ என்று கடற்கரையில் உட்கார்ந்திருக்காதீங்க. எச்சரிக்கை வந்தால் முதலில் மேட்டுக்குப் போங்க, ஃபார்வர்டு அப்புறம்.