மெதுவாய் நடப்பவரின் வேகம்



கண்ணமங்கலத்திலிருந்து ஆரணி செல்லும் சாலையில் விடியற்காலையில் நடைப்பயிற்சி செய்யும் தம்பதியரைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் கணவர் இருபது முப்பது அடி முன்னே செல்வார். மனைவி பின்னே வருவார். ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள், ஒரே வீட்டிற்குத் திரும்புகிறவர்கள். ஆனால் வழியில் இருவரும் தனித்தனியே நடக்கிறார்கள்.

பிறரைக் குறைகூறி இதை எழுதவில்லை. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் முன்னே நடந்தேன். ஒருநாள் தற்செயலாகத் திரும்பியபோது, என் மனைவி சாலையோரத்து மைல்கல்லின்மேல் அமர்ந்திருந்தார். முழங்கால் வலி. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று மாதமாக என்றார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் திரும்பிப் பார்த்தால்தானே சொல்வதற்கு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில்தான் இத்தாலி தேசத்து மலையேறும் தம்பதி ஒருவரின் வரலாற்றை வாசித்தேன். மனைவி நிவெஸ் மெரோய். கணவர் ரொமானோ பெனெட். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கிழக்குக் கோடியில், தார்விசியோ என்னும் ஊர்ப்பக்கத்தில் வாழ்கிறவர்கள். அங்குள்ள பாறைகளிலும் பனிச்சரிவுகளிலும் இருவரும் ஒரே கயிற்றில் இணைந்து பல்லாண்டுகள் பயின்றார்கள்.

உலகில் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் 14 உள்ளன. அனைத்தும் இமயத்திலும் காரகோரத்திலும் இருக்கின்றன. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்த உயரங்களில் ஓர் அடி வைத்தபின் பலமுறை மூச்சு வாங்கிய பிறகே அடுத்த அடியை வைக்க முடியும். பெரும்பாலோர் பிராணவாயு உருளைகளோடும் சுமை தூக்கும் உதவியாளர்களோடும் ஏறுவார்கள். இவர்கள் இருவரும் அவை இரண்டுமின்றி ஏறினார்கள். 1998இல் நங்க பர்பத்தில் தொடங்கி, 2006இல் கே2, 2007இல் எவரெஸ்ட் என ஒவ்வொன்றாக 11 சிகரங்களை முடித்திருந்தார்கள்.

2009ஆம் ஆண்டு அவர்கள் கஞ்சன்ஜங்காவுக்குச் சென்றார்கள். நேபாளத்திற்கும் நம் சிக்கிமுக்கும் எல்லையில், 8,586 மீட்டர் உயரத்தில் நிற்கும் உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம் அது. அந்நாட்களில் 14 சிகரங்களையும் ஏறி முடிக்கும் முதல் பெண் யார் என்ற போட்டி உலகமெங்கும் பேசப்பட்டது. அப்போட்டியின் முன்வரிசையில் இருந்த சிலரில் நிவெஸும் ஒருவர். ஏறத்தாழ 7,500 மீட்டர் உயரத்தில் ரொமானோவின் நடை தளர்ந்தது. வழக்கமாக வலிமையோடு ஏறுகிறவரால் அன்று அடியெடுத்து வைக்க முடியவில்லை. நிவெஸ் சிகரத்தை விட்டுவிட்டு, கணவரை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

அன்பானவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த மலையில் அவருக்கு நோயின் பெயர் தெரியாது. ஊர் திரும்பிய பின்னரே மருத்துவர்கள் அதைக் கண்டறிந்தார்கள். எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்குவதையே நிறுத்திவிடும் கொடிய நோய் அது. உயரமான இடத்தில் காற்று மெலியும்போது, உடல் அதிகமான சிவப்பணுக்களை உண்டாக்கியே தாக்குப்பிடிக்கிறது. அவருடைய உடலோ அதற்கு நேர்மாறான நிலையில் இருந்தது. இன்னும் சில நூறு மீட்டர் ஏறியிருந்தாலும், கூடாரத்தில் தனியே விடப்பட்டிருந்தாலும் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாமெல்லாம் மருத்துவ அறிக்கை கைக்கு வந்த பிறகே திரும்புகிறவர்கள். அவர் தளர்ந்த ஒரு நடையைப் பார்த்தே திரும்பினார். ஆண்டுக்கணக்காக ஒரே கயிற்றில் நடந்தவருக்கு, அந்தக் காலடி வழக்கமானது அல்ல என்று தெரிந்தது. தம்பதியராய்ச் சேர்ந்து பயிற்சி செய்வதன் பயன் இதுதான் என்று நான் எண்ணுகிறேன். கால்களின் பலத்தைத் தனியே ஓடியும் வளர்த்துக்கொள்ளலாம். மற்றவரின் நடையை வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கோ அவர் அருகில் நடந்தாக வேண்டும்.

வேதத்தில் இப்படி நடந்த ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் ஏசா, இருபது ஆண்டுப் பகையை மறந்து, தம்பி யாக்கோபைக் கட்டித் தழுவுகிறான். சேர்ந்து போகலாம் வா என்று அழைக்கிறான். அவனுடன் நானூறு ஆட்கள். வேகமாகப் பயணம் செய்யக்கூடியவர்கள். யாக்கோபு பணிவாக மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், கறவை மந்தைகள் இருக்கின்றன, ஒருநாள் விரட்டி ஓட்டினாலும் அவை மாண்டுபோகும், ஆகவே அவர்களுடைய நடைக்கு ஏற்றபடி நான் மெதுவாய் வருகிறேன் என்ற பொருளில் பேசுகிறான்.

இந்த யாக்கோபு யார்? குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன். முந்திக்கொள்வதையே வாழ்க்கையாக வைத்திருந்தவன். அவனுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? முந்தின அதிகாரத்தைப் புரட்டுங்கள். யாப்போக்கு ஆற்றங்கரையில் இராமுழுவதும் போராடி, தொடைச்சந்து சுளுக்கி, பெனியேலைக் கடந்தபோது அவன் நொண்டி நடந்தான். தானே நொண்டத் தொடங்கிய பிறகுதான் குழந்தைகளின் நடை அவன் கண்ணில் பட்டது. தேவன் அவனுக்கு அருளிய ஆசீர்வாதத்தில் அந்த நொண்டலும் ஒரு பங்கு என்றே நான் வாசிக்கிறேன்.

"போதகரே, தம்பதியர் ஒற்றுமையாயிருந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. 2016இல் புனே நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஒரு தம்பதி, எவரெஸ்ட் சிகரத்தை இருவருமாக அடைந்த முதல் இந்தியத் தம்பதி என்று அறிவித்துக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய படங்கள் மற்றொரு மலையேறியின் படங்களைத் திருத்திச் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. நேபாள அரசு அவர்களுடைய சான்றிதழை ரத்துசெய்து, பத்து ஆண்டுகள் அந்நாட்டு மலைகளில் ஏறத் தடை விதித்தது. அவர்களும் ஒற்றுமையான தம்பதியர்தான். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரத்தின் அனனியாவும் சப்பீராளும் ஒருமனப்பட்டே பொய் சொன்னார்கள். எட்டிய உயரத்தை ஊர் மெச்சவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், ஒற்றுமையும் அந்த ஆசைக்கே ஊழியம் செய்யும். திரும்பிவிடலாம் என்று ஒருவர் சொல்லக்கூடிய இல்லறமே பாதுகாப்பானது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்கள் மலைக்குப் போக வேண்டியதில்லை. தறி இருக்கும் வீட்டிற்குள் நுழைந்தால் போதும். கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று கோர்வை முறையில் பட்டுச்சேலை நெய்யும் தறியில், குழிக்குள் அமர்ந்து மிதிப்பவர் ஒருவர். பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை வாங்கித் தள்ளுகிறவர் இன்னொருவர். பெரும்பாலும் கணவனும் மனைவியும். பக்கத்தில் இருப்பவரின் கை தாமதித்தால் நெய்கிறவர் காத்திருந்தே ஆகவேண்டும். அவரை விட்டுவிட்டு ஓர் இழைகூட முன்னே போக முடியாது. தறியில் இரண்டு பேருக்கும் ஒரே வேகம்தான். ஆனால் தறியைவிட்டு எழுந்தவுடன் அந்த ஞானத்தைக் குழிக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். தார் சுற்றியவளின் கைவலி கூலிக்கணக்கில் வருவதில்லை. வீட்டுப் பேச்சிலும் வருவதில்லை.

இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலர், "ஐயா, நாங்கள் பாதிவழியில் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறோம்" என்று சொல்வீர்கள். நியாயமான பேச்சு. மாமியார் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டவர் யார்? கணவருக்கு மாறுதல் வந்தபோது படிப்பை நிறுத்தியவர் யார்? நிவெஸின் வரலாற்றை எடுத்துப் பெண்களின் முதுகில் இன்னொரு சுமையாக ஏற்றுவது எளிது. பிரசங்க பீடத்தில் நிற்கும் எங்களில் பலர் அதைச் செய்திருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். சிகரத்தை ஆணுக்கும், திரும்பி வருவதைப் பெண்ணுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயரிட்டோம்.

ஆகவே இந்த வாரத்துச் சிந்தனையைக் கணவன்மாருக்கே எழுதுகிறேன். யாக்கோபு அந்தக் குடும்பத்தின் தலைவன். வேகத்தைக் குறைத்தவன் அவன்தான். எபேசியர் 5ஆம் அதிகாரத்தில், தன்னையே கொடுக்கும்படி பவுல் கேட்பது கணவனிடம்தான். குடும்பத்தின் தலைவன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது, பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதே.

அந்த இத்தாலியத் தம்பதி பிறகு என்ன ஆனார்கள் என்று அறிய விரும்புவீர்கள். ரொமானோவுக்கு இரண்டுமுறை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. அதற்கிடையே, 2010இல், ஸ்பெயின் தேசத்து எடுர்னே பசபான் 14 சிகரங்களையும் முடித்துவிட்டார். நிவெஸ் மருத்துவமனையில் கணவரோடு இருந்தார். அவர் பின்னாளில் எழுதிய நூலின் பெயருக்கு "உன்னைக் காக்கவைக்க மாட்டேன்" என்று பொருள்.

வேலூர் சி.எம்.சி.யில் இத்தகைய சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, சுற்றுத்தெருக்களின் வாடகை அறைகளில் மாதக்கணக்காகத் தங்கியிருக்கும் தம்பதியரை நான் ஜெபிக்கச் சென்று பார்த்திருக்கிறேன். ஒரு சிறு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பாத்திரம், மருந்துப் பை, இரத்தப் பரிசோதனைத் தாள்கள். வேலையையும் நிலத்தையும் விட்டு வந்து, கணவன் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் அறைகளும் அவற்றில் உண்டு. அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. கஞ்சன்ஜங்காவிலிருந்து இறங்கிய அந்த வழியில் அவர்களும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

ரொமானோ பிழைத்தார். இருவரும் மீண்டும் தங்கள் ஊர்மலைகளிலிருந்தே பயிற்சியைத் தொடங்கினார்கள். 2014இல் அதே கஞ்சன்ஜங்காவின் உச்சியை அடைந்தார்கள், 2016இல் மக்காலு, 2017 மே 11 அன்று அன்னபூர்ணா. 14 சிகரங்களையும் இருவருமாகவே ஏறி முடித்த முதல் தம்பதி என்று உலகம் அவர்களை இன்று அறிகிறது. ஆனால் திரும்பியவர்களுக்கெல்லாம் சிகரம் மறுபடி கிடைக்கும் என்று நான் உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். சிலருக்குக் கிடைப்பதில்லை. வாடகை அறையிலிருந்து தனியாக ஊர் திரும்பியவர்களையும் நான் அறிவேன். அன்னபூர்ணாவை அவர்கள் ஒருபோதும் அடையாமல் இருந்திருந்தாலும், 2009இல் திரும்பியது சரியாகவே இருந்திருக்கும்.

திருமணத்திற்கு முன் ஆலோசனைக்கு வரும் இளையோரிடம் முன்பெல்லாம் வேலை, சம்பளம், குடும்ப ஜெபம் ஆகியவற்றைக் குறித்தே கேட்பேன். இப்பொழுது இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: "உங்களில் ஒருவரால் நடக்க முடியாமல் போனால், அதை மற்றவர் எப்படி அறிந்துகொள்வீர்கள்?" பெரும்பாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு சற்று மௌனம் உண்டாகும். அந்த மௌனத்தில்தான் ஆலோசனை தொடங்குகிறது.

நீங்கள் மணமாகி முப்பது ஆண்டுகள் ஆனவராக இருக்கலாம். இந்த வாரம் ஒருநாள் காலை, சாலையில் உங்கள் மனைவியின் பக்கத்தில் நடந்து பாருங்கள். அறிவுரை வேண்டாம், வேகமாக வா என்ற சொல்லும் வேண்டாம். அவருடைய காலடியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நடங்கள். என் மனைவியும் நானும் இப்பொழுது மைல்கல் வரைக்கும் போய், அங்கே சற்று அமர்ந்துவிட்டு, திரும்பிவிடுகிறோம். முன்பு நான் நடந்த தூரத்தில் அது பாதிகூட இல்லை. ஆனால் மூன்று மாத வலியை நான் அறியாமல் இருந்ததுபோல் இனி இருக்க முடியாது.

எம்மாவூருக்குப் போன இருவரோடு அவர்களுடைய நடையிலேயே சேர்ந்து நடந்த நம் ஆண்டவர், உங்கள் இல்லத்தில் பின்தங்கி வருகிறவரின் அருகிலும் நடப்பாராக. அவரை அங்கே காண உங்களுக்குத் திரும்பிப் பார்க்கும் கண்களைத் தருவாராக. ஆமென்.