தகரப் படகின் மூச்சு

இவ்வாரம் என் மனத்தை ஆனந்தத்தால் நிறைத்தது, எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன், பாட்டரியோ மோட்டாரோ இன்றி வெப்பத்தால் மட்டுமே ஓட வேண்டும் என்ற நிபந்தனையுள்ள மாணவர் போட்டிக்காகத் தன் கையாலேயே செய்து முடித்த, ஒரு சாண் நீளம்கூட இல்லாத படகுதான். ராயபுரத்துக் காயலான் கடையில் வாங்கிய மெல்லிய செப்புக் குழாயை, வளைக்கையில் நசுங்காதிருக்கச் சலித்த கடல் மணலை உள்ளே நிரப்பி, பென்சிலின் மேல் அவன் சுருள் சுருளாகச் சுற்றிய பொறுமையை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

போட்டியைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். நினைவோ மாசித் திருவிழாவுக்குப் போய்விட்டது. தியாகராஜ சுவாமி கோயில் வாசலில் என் தகப்பனார் வாங்கித் தந்த தகரப் படகுக்கும் இதே தத்துவந்தான். 1891-இல் தாமஸ் பியோ என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அந்த விளையாட்டுச் சாமானில், சுடர் பட்டுக் கொதித்த நீர் ஆவியாகிக் குழாய் நீரைப் பின்னால் உந்தித் தள்ள, ஆவி குளிர்ந்து சுருங்கியதும் வெளிநீர் மறுபடி உள்ளே ஏறுகிறது. போகிற நீர் ஒரே திசையில் பாய்வதாலும், வருகிற நீர் நாற்புறமிருந்தும் சேர்வதாலுமே படகு முன்னே நகர்கிறது. மேலேயுள்ள மெல்லிய தகடு விம்மித் தணிவதுதான் அந்த டப்டப் சப்தம்.

கொதிநீர் என்றதும் ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றிய என் நெடுநாள் மனக்குறையும் நினைவுக்கு வருகிறது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை அங்கிருந்து வாலாஜாவுக்கு இழுத்துச் சென்றதும், 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியதும் கொதிநீரின் சக்தியே. கரிச் சாம்பலைச் சுவாசித்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, அந்தக் கரி எரிந்து என்ன செய்தது என்று கண்ணால் காட்ட, இன்னும் நிற்கிற அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் ஓர் அறையும், குறுக்கே அறுத்து வைத்த ஒரு கொதிகலனும் வைக்கலாகாதா? இதை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

நேற்று மாலை பித்தளைத் தாம்பாளத்தில் படகை மிதக்கவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றப் போனேன். "மொதல்ல குழாய்ல தண்ணி நெரப்பணும் தாத்தா, இல்லேன்னா ஓடாது" என்று பையன் தடுத்தான். இவனுடைய படகில் தகடு இல்லை. ஆதலால் சப்தமும் இல்லை. "வெரலை வச்சுப் பாருங்க" என்றான். குழாய் வாயருகே நீரில் விரலை வைத்தேன். நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டு இடித்தது.