காய் அல்லாத காய், கொம்பு அல்லாத கொம்பு!

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் உரைமருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய்... கூடவே கோலிக்குண்டு அளவில், மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஒரு மாசிக்காய். கடுக்காய் கடுக்காய் மரத்தில் காய்க்கும், ஜாதிக்காய் ஜாதிக்காய் மரத்தில். மாசிக்காய் எந்த மரத்தில் காய்க்கிறது?

எதிலும் இல்லை. அது காயே அல்ல, ஒரு பூச்சியின் வீடு!

துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரம். அதன் மொட்டில் மிகச் சிறிய குளவி ஒன்று முட்டையிடுகிறது. புழு வளர வளர, தளிராக விரிய வேண்டிய இடம் உருண்டு திரண்டு அதைச் சுற்றி ஓர் அறையாகிவிடுகிறது. உள்ளே புழுவுக்குச் சாப்பாடு, வெளியே துவர்ப்பு மிகுந்த கெட்டிச் சுவர். கட்டுமானச் செலவு முழுக்க மரத்துடையது. வாடகை தராமல் குடியிருப்பது குளவி.

அடுத்த முறை நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காயைக் கையில் எடுத்தால் கவனியுங்கள். வட்டமாகச் சின்ன ஓட்டை இருந்தால், குளவி துளைத்துக்கொண்டு பறந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டை விழாததில்தான் கனமும் துவர்ப்பும் அதிகம். அந்தத் துவர்ப்போடு அன்னபேதி சேர்ந்தால் கருமை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதியது இந்த மையில்தான்.

அதே கடையில் கடுக்காய்ப்பூ என்று கேட்டால் தருவதும் பூ அல்ல. கடுக்காய் மர இலையில் பூச்சியால் உண்டாகும் புடைப்பு.

மரத்தில் நடந்தால் மருந்தாகும் இந்த வித்தை, நெல்வயலில் நடந்தால் வயிற்றெரிச்சல். கொசு மாதிரியான ஒரு ஈ நெற்பயிரில் முட்டையிடும். அதன் புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்ததும், அந்தத் தூர் வெங்காயத்தாள் போலக் குழலாக, வெளிறிய நிறத்தில் நீள்கிறது. யானைத் தந்தம் போல இருப்பதால் ஆனைக்கொம்பன் என்று பெயர் வைத்தார்கள் நம் விவசாயிகள். அந்தத் தூரில் இனி கதிர் வராது.

கொம்பைக் கண்டதும் மருந்தடிக்கத்தான் கை துடிக்கும். ஆனால், கொம்பாகிப்போன தூரை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. அதைவிட முக்கியம், சில கொம்புகளுக்குள் ஈயின் புழுவையே தின்று வளரும் பிளாட்டிகாஸ்டர் என்ற குட்டிக் குளவி இருக்கும். அப்படிப்பட்ட கொம்புகளைச் சேகரித்து, 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்கிறார்கள் வேளாண் நிபுணர்கள். கண்மூடித்தனமாக மருந்தடித்தால் எதிரியோடு இந்தக் கூட்டாளியும் காலி.

அதனால், தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால் நாலு கொம்பைப் பிரித்துப் பாருங்கள். குடியிருப்பது யார் என்று வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.