சுகப்பிரசவம் என்னும் பொய்

நம்மிடையே சுகப்பிரசவம் என்றொரு சொல் வழங்கி வருகிறது. குழந்தை, வயிறு கீறி எடுக்கப்படாமல் இயல்பான வழியே பிறந்துவிட்டால் போதும். அச்சொல் அடுத்த கணமே தொலைபேசியிலும் புலனத்திலும் ஏறி, ஈப்போவிலிருக்கும் பெரியம்மாவுக்கும் ஜொகூரிலிருக்கும் சிற்றப்பாவுக்கும் பறந்துவிடுகிறது. பிள்ளையின் எடை எத்தனை கிலோ, முகச்சாயல் யாருடையது, பிறந்த நட்சத்திரம் யாது என்பனவெல்லாம் அச்செய்தியில் உண்டு. பெற்றவள் உட்கார இயலாமல் ஒருக்களித்துக் கிடக்கிறாள் என்பதும், சிறுநீர் கழிக்கச் செல்வதற்கே அஞ்சிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும், அவள் உடம்பில் ஊசி ஏறி இறங்கித் தைத்திருக்கிறது என்பதும் அதில் இல்லை. சுகம் யாருக்கு என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

இச்சொல்லின் மீதுதான் என் வழக்கு. சொல் எதுவாயினும் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்று கேட்பார் கேட்கலாம். நெடுங்காலம் வகுப்பறையில் சொற்களோடு மல்லாடியவன் என்ற உரிமையிற் கூறுகிறேன்: ஒன்றுக்குச் சுகம் என்று பெயரிட்டுவிட்டால், அதன்பின் அதில் நோவு உண்டென்று சொல்பவள் பொய்யள் ஆகிவிடுகிறாள். "உனக்குத்தான் சுகப்பிரசவம் ஆயிற்றே, இன்னும் என்ன முனகல்?" என்ற கேள்வி அச்சொல்லின் வயிற்றிற் பிறந்த பிள்ளை. வயிறு கீறிப் பிள்ளை பெற்றவளுக்கு ஓரளவேனும் இரக்கம் கிடைக்கிறது. அதுவும் முழு இரக்கமன்று. முக்கிப் பெறத் தெரியாதவள் என்ற ஏளனத்தையும் சேர்த்துத்தான் அவளுக்குப் பரிமாறுகிறார்கள். இவளுக்கோ அந்த அரை இரக்கமும் இல்லை.

ஓர் ஆண்மகன், அதிலும் ஒரு பள்ளித் தலைமையாசிரியன், இதைப் பற்றி எழுதலாமா என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெரும்பாலான நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் பெண்கள். அவர்களுள் ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் மகப்பேற்று விடுமுறையிற் செல்கிறார், திரும்பி வருகிறார். திரும்பி வந்தவரை எந்த வகுப்பில் எத்தனை பாடவேளை நிற்க வைப்பது என்று அட்டவணை போடுபவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

காயம் இன்னதென்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். குழந்தையின் தலை வெளிப்படும்போது, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி விரிந்து கொடுக்கிறது. விரிய இயலாதபோது கிழிகிறது. முதற்பிள்ளை பெறும் பெண்களுள் மிகப் பெரும்பாலோர்க்குச் சிறிதோ பெரிதோ ஒரு கிழிசல் நேர்கிறது. மருத்துவர் அதனை நான்கு படிகளாகப் பிரிப்பர். தோலளவில் நிற்பது முதற்படி. தசையையும் பற்றுவது இரண்டாவது. மலங்காக்கும் வளையத்தசை வரை செல்வது மூன்றாவது. அதனையும் கடந்து மலக்குடலின் உட்சவ்வைத் தொடுவது நான்காவது. சில வேளைகளில் மருத்துவரே கத்தரிகொண்டு வெட்டி வழியை அகலப்படுத்துவதும் உண்டு. ஒரு காலத்தில் பல நாடுகளில் முதற்பேற்றுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் வழக்கமாகவே அவ்வாறு வெட்டினர். அங்ஙனம் எல்லோர்க்கும் வெட்டுவது பரிந்துரைக்கத்தக்கதன்று என உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறிவிட்டது. தேவை கருதி வெட்டுவது வேறு. வெட்டாயினும் கிழிசலாயினும் தைத்தே ஆக வேண்டிய நிலையில் தைக்கிறார்கள். நூல் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். தோல் கூடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். உள்ளே தசை பழைய வலுவைப் பெற அதனினும் நெடுநாள் வேண்டும். ஒருவனுடைய கையில் இத்தகைய காயம் ஏற்பட்டு இத்தனை தையல் போட்டிருந்தால், ஒரு மாதம் அவனை வாளி தூக்க விடுவோமா? சொல்லுங்கள்.

பத்தியம் காத்த நம் முன்னோரை நான் பழிக்க வரவில்லை. தோட்டப்புற லயங்களில் வாழ்ந்த பாட்டிமார் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்றனர். எத்தகைய சொல் அது! ஆறாத புண்ணோடு இருப்பவள் என்பதை ஒரே அடைமொழியில் அடக்கிவிட்டனர். சுகப்பிரசவம் என்று சொல்லி ஏமாற்றவில்லை. அவளை அடுப்படிக்கு விடவில்லை. தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. அக்கம்பக்கத்து லயத்துப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துக் கொடுத்த வீடுகளும் இருந்தன. வறுமை மிகுந்த வீடுகளில் பால்வெட்டுக்கு விரைந்து திரும்பியவர்களும், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றவர்களும் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஓய்வு வேண்டும் என்ற அறிவேனும் அன்று இருந்தது.

இன்று நாம் செய்திருப்பதென்ன? அந்தப் பத்தியத்திலிருந்து ஓய்வை எடுத்தெறிந்துவிட்டுத் தாகத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அளந்து அளந்து அரைக் குவளை கொடுக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. கீரை குளிர்ச்சி, பழம் வாயு; வறுத்த கருவாடும் பூண்டுக் குழம்பும் மட்டுமே உணவு. விளைவு மலச்சிக்கல். தையலுள்ள பெண்ணுக்கு மலச்சிக்கல் என்பது எத்தகைய தண்டனை என்பதை எழுத்தில் வடிக்க இயலாது. முக்கினால் தையல் விண்ணென்று தெறிக்கிறது. அதற்கஞ்சி அடக்கினால் மலம் மேலும் இறுகுகிறது. பாலூட்டும் உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. பூண்டு வேண்டுமானால் உண்ணட்டும். மருந்துருண்டை விரும்பினால் விழுங்கட்டும். உடன் ஒரு செம்பு நீரையும் ஒரு கீற்றுப் பழத்தையும் கொடுத்தால் குலம் அழிந்துவிடாது.

வெந்நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலை தழை இட்டுக் கொதிக்க வைத்த நீரை இடுப்பில் ஓங்கி ஊற்றுவது பலருக்கு இதம் அளித்திருக்கலாம். புதுத் தையலின் மேல் கொதிநீர் விழுந்தால் அது இதமன்று, கொப்புளம். தையலின் மேல் மஞ்சளும் எண்ணெயும் அப்புகின்ற வீடுகளையும் கேள்விப்படுகிறேன். அவ்விடத்திற்கு வேண்டியவை தூய்மையும் உலர்ச்சியுமே. தூய நீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, மெல்ல ஒற்றித் துடைத்து, அணையாடையைச் சில மணிக்கொருமுறை மாற்றினால் அதுவே பெரிய மருத்துவம். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் வெதுவெதுப்பான நீரை அவ்விடத்தில் ஊற்றிக்கொண்டே கழிக்கலாம். முதல் ஓரிரு நாள் துணியிற் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் வீக்கத்தைத் தணிக்கும். பனிக்கட்டியா, சன்னி கண்டுவிடுமே என்று அலறும் அத்தைமார் அருள்கூர்ந்து சற்றுநேரம் கூடத்தில் இருக்கட்டும். முப்பது நாளும் அசையாமற் கிடத்துவதும் ஓய்வு ஆகாது. பேற்றுக்குப் பின் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து மிகுதி என்பதால், மெல்ல எழுந்து நடமாடத்தான் வேண்டும். வீட்டைக் கூட்டுவதற்கும் விருந்தினருக்குத் தேநீர் கலக்குவதற்கும் நடப்பதை நான் நடமாட்டக் கணக்கிற் சேர்க்க மாட்டேன்.

இனி ஆடவர்க்கு வருகிறேன். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 60 நாளாக வைத்திருந்த மகப்பேற்று விடுமுறை, 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு 98 நாளாயிற்று. மணமான தந்தைக்கும் 7 நாள் ஊதிய விடுமுறை அச்சட்டத் திருத்தத்தால் வந்தது. வரவேற்கத்தக்கதே. அந்த ஏழு நாளில் நம் தந்தையர் ஆற்றும் பணிகளைப் பட்டியலிட்டால் நகைப்பு வரும். பிறப்புப் பத்திரத்துக்கு அலைகிறார். நண்பர்க்கு விருந்து வைக்கிறார். வருவோர் போவோரை வரவேற்றுக் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார். மனைவியின் தையல் எத்தனையாம் படி என்று மருத்துவரைக் கேட்டறிந்தவர் எத்தனை பேர்? காய்ச்சல், நாட்பட மிகும் வலி, துர்நாற்றம், சீழ், தையல் பிரிதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குருதிப்போக்கு திடீரெனப் பெருகினால் ஒரு நொடியும் தாமதியாமல் ஓட வேண்டும் என்று அறிந்தவர் எத்தனை பேர்? மகிழுந்தின் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர்கள் இவர்கள்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவரை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. விடுமுறை முடிந்து திரும்பியவர், ஆசிரியர் அறையில் அமரவே மாட்டார். நின்றபடியே பயிற்சி நூல்களைத் திருத்துவார். விளையாட்டுப் போட்டிப் பணிக்குப் பெயர் கேட்டபோது மறுத்துவிட்டார். சோம்பல் என்று ஆண் ஆசிரியர் இருவர் சிரித்தனர். பிறகு எங்கள் துணைத் தலைமையாசிரியைதான் செய்தியை என்னிடம் பக்குவமாக எடுத்துரைத்தார். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகியும் வலி நீங்கவில்லை. முதலிற் பார்த்த மருத்துவர், தையல் ஆறிவிட்டது, எல்லோர்க்கும் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டாராம். வீட்டிலும் அதே விடை. வேறொரு மருத்துவமனையிற் காட்டியபோது வடு இறுகியிருப்பதைக் கண்டறிந்து, இடுப்புத்தளத் தசைகளுக்கான இயன்மருத்துவப் பயிற்சிக்கு அனுப்பினர். சில மாதங்களில் அவர் நாற்காலியில் அமர்ந்தார். அதற்கிடையே அவர் நின்ற நாள்களுக்கு யார் கணக்குச் சொல்வது? மூன்றாம் நான்காம் படிக் கிழிசலுற்ற பெண்களுள் சிலர் காற்றையும் மலத்தையும் அடக்க இயலாமல், கோயிலுக்கும் கூட்டத்திற்கும் போவதையே நிறுத்திக்கொண்டு, கணவனிடமும் சொல்லாமல் வாழ்கிறார்கள். அதற்கும் மருத்துவம் உண்டு. வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

வாய்திறக்கச் சொல் வேண்டுமன்றோ? இங்கேதான் என் மொழியபிமானம் அடிவாங்குகிறது. தமிழில் தையல் என்றால் ஊசித் தையலும் ஆகும், பெண்ணும் ஆகும். இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் இனத்துப் பெண், மருத்துவர் முன் அமர்ந்து, "கீழே... ஒரு மாதிரி..." என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கிட்டாமல் தலைகுனிகிறாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்கச் செவிலியர் மலாயில் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் மாமியார் "ஒன்றும் இல்லை, எல்லாம் நலம்" என்று மருமகளுக்காக விடை பகர்கிறார். கேட்டதும் போயிற்று, சொல்ல வந்ததும் போயிற்று. பேறு முடிந்து ஆறாம் வாரத்தில் தாயையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற நெறி உள்ளது. அங்கும் குழந்தையின் எடையையே கேட்டுவிட்டு வீடு திரும்புவோர் உண்டு.

நலக்கல்விப் பாடத்தில் பல் துலக்கக் கற்பிக்கிறோம். கொசுவை ஒழிக்கக் கற்பிக்கிறோம். அன்னையர் தினத்தில் தாய்மையைப் போற்றிப் பேச மாணவரை மேடையேற்றுகிறோம். அந்தச் சொற்பொழிவுகளை ஆண்டாண்டாகத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றுள் தாய் பத்துத் திங்கள் சுமப்பாள், உதிரத்தைப் பாலாக்குவாள், ஆனால் பதினோராம் திங்களில் அவளுக்கு ஒரு காயம் ஆற வேண்டியிருக்கும் என்ற செய்தி ஒருமுறையும் வந்ததில்லை.

பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தமிழ் பேசும் செவிலியர் ஒருவரை இது குறித்துப் பேச அழைத்திருக்கிறேன். அழைப்பிதழில் சுகப்பிரசவம் என்ற சொல்லை அடித்துவிட்டு 'மகப்பேற்றுத் தையலும் அதன் பராமரிப்பும்' என்று தலைப்பிட்டேன். தாய்மாரை மட்டும் வரச் சொன்னால் போதாதா என்று சங்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார். தந்தையர்க்குத்தான் முன்வரிசை என்று சொல்லியனுப்பினேன்.