கையெழுத்து இவருக்கு, பழி மற்றவருக்கு

வேலையைப் பிரித்துக் கொடுப்பது கையாலாகாத தலைவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பெழுதியிருக்கிறார். பக்குவமில்லாதவர்களிடம் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கக் கூடாது, எல்லாமே டீம் லீடரின் கண்ணில் பட்டுத்தான் போகவேண்டும் என்று தொடக்கத்தில் முழங்குகிறவர், கட்டுரை முடிவதற்குள் ‘தவறு நேர்ந்தால் செய்தவரே பொறுப்பு’ என்று சட்டமும் போட்டுவிடுகிறார். முடிவு இவருடையது, கையெழுத்து இவருடையது, பழி மட்டும் கீழே இருப்பவருடையதா? இது எந்த ஊர் நியாயம்?

இருபது ஆண்டுகள் அணிகளை நடத்தியதாகப் பெருமை வேறு. அத்தனை ஆண்டுகளில் நம்பிப் பொறுப்புக் கொடுக்கத் தக்க ஒருவரைக்கூட இவர் உருவாக்கவில்லையென்றால் பக்குவமின்மை யாரிடம் இருந்தது? ‘சொல்லிக்கொடுக்க ஒரு நாள், நானே செய்தால் ஒரு மணி நேரம்’ என்ற கணக்கு முதல் தடவைக்குச் சரி. அதே வேலை மாதாமாதம் வரும்போது அந்த ஒரு மணி நேரத்தை ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டிருப்பவர் இவர்தான் என்பது கூட்டல் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

வள்ளுவரையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் எவரையும் எளிதில் நம்பாதே என்கிறதாம். ஆராயாமல் நம்பாதே என்பது உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியவரைப் பிறகு சந்தேகிப்பதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது. அடுத்த அதிகாரமோ முழுக்க முழுக்க வேலையை ஒப்படைப்பது பற்றியது. பத்துக் குறளில் ஒன்பதோடு புத்தகத்தை மூடிவிட்டவருக்கு வள்ளுவர் எதற்கு?

ஸ்டீவ் ஜாப்ஸ் எல்லாவற்றிலும் தலையிட்டார் என்பது அடுத்த சான்று. வடிவமைப்பில் தலையிட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உற்பத்தியையும் விநியோகத்தையும் 1998இல் சேர்ந்த டிம் குக்கிடம் விட்டார். 2004, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அவர் மருத்துவ விடுப்பில் போனபோது நிறுவனத்தை நடத்தியவரும் குக்தான்.

‘கடைநிலை ஊழியரிடம் முடிவை விட்டால் வேலையே நின்றுவிடும்’ என்ற பயமுறுத்தலுக்கு டொயோட்டா ஆலை பதில் சொல்லும். அங்கே வண்டி பூட்டும் தொழிலாளியின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கயிறு போகும். குறை கண்டால் அவர் அதை இழுப்பார். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடிவருவார், குறித்த இடத்தை வண்டி எட்டுவதற்குள் கோளாறு தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். வேலை நிற்கத்தான் செய்கிறது. குறையுள்ள வண்டி வெளியே போகாமல் இருப்பதற்காக நிற்கிறது. கயிற்றை இழுக்கும் உரிமை மேலாளர் அறைக்குள் இருந்திருந்தால் அந்தக் கோளாறு வாடிக்கையாளர் வீட்டு வாசலில்தான் தெரிந்திருக்கும்.

கட்டுரையாளர் மறந்தும் தொடாத பெயர் சதீஷ் தவான். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை விடாமலேயே 1972இல் இஸ்ரோ தலைமையையும் ஏற்றவர். எல்லாம் தன் கண்ணில் பட்டுத்தான் போகவேண்டும் என்று அவர் அடம்பிடித்திருந்தால் இரண்டில் ஒன்றாவது உருப்பட்டிருக்குமா? எஸ்.எல்.வி-3 ராக்கெட் திட்டத்தை அப்துல் கலாமிடம் ஒப்படைத்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவுவதற்குச் சற்று முன் கணினி நிறுத்தச் சொன்னது. நிபுணர்களைக் கலந்தாலோசித்து, கணினியை மீறி ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பு கோளாறாகி ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. நம் கட்டுரையாளரின் சட்டப்படி அன்று பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தப்பட்டிருக்க வேண்டியவர் கலாம். நின்றவரோ தவான். தோற்றோம் என்றார், என் குழுவை நம்புகிறேன் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். முடிவெடுக்கும் உரிமை கீழே போனது, பதில் சொல்லும் கடமை மேலேயே இருந்தது. கட்டுரையாளர் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டு அதற்குத் தலைமை என்று பெயர் சூட்டுகிறார்.

ஏன் இந்தத் தலைகீழ்? தான் இல்லாமலும் வேலை நடக்கும் என்று தெரிந்துவிட்டால் தன் நாற்காலி என்னாகும் என்ற பயம்தான் வரிக்கு வரி தெரிகிறது. அந்தப் பயத்துக்குக் கொள்கை முலாம் பூசி இளைஞர்களுக்குப் பாடமாக விற்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புதிதாக டீம் லீடர் பொறுப்பேற்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வேலையைக் கொடுக்கும்போது எதுவரை அவரே முடிவெடுக்கலாம், எந்தக் கட்டத்தில் உங்களிடம் வரவேண்டும், எப்போது முடியவேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன்பின் நடுவில் பிடுங்காதீர்கள். தவறினால் மேலதிகாரி முன் நீங்கள் போய் நில்லுங்கள். அந்தக் கட்டுரையைத் தயவுசெய்து அலுவலகத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.