ஊசி வைத்தியம்: வாத்தியார்களுக்கே ஒரு பாடம்!

மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி வலியைத் தணிக்கும் சீன வைத்தியம் அக்குபஞ்சர்.

1971-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா சென்றபோது குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டார். பின்னர் வந்த வயிற்று உபாதைக்கு அங்கே ஊசி குத்தினார்கள். அந்த அனுபவத்தை அவர் எழுதினார். அமெரிக்கா முழுவதும் அதே பேச்சு! நாளடைவில் அங்கு ஊசி வைத்தியக் கல்லூரிகள் தோன்றின.

"இந்த வைத்தியம் பலிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று நோயாளிகள் கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து எடைபோடத் தெரிய வேண்டும். குரு சொன்னதையும் சொந்த அனுபவத்தையுமே நம்பிக் கற்பித்த ஆசிரியர் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆசிரியருக்கு வகுப்பு

போர்ட்லாந்து நகரில் இருந்த ஓரிகன் கீழைநாட்டு மருத்துவக் கல்லூரி இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்க அரசின் மானியத்துடன் தன் ஆசிரியர்களுக்கே ஆராய்ச்சிப் பயிற்சி அளித்தது.

மாணவர்களுக்குப் பாடம் நடத்தினால் போதாதா? போதாது. ஆராய்ச்சி வகுப்பில் கற்றதை, "அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று வேறோர் ஆசிரியர் ஒதுக்கிவிட்டால், மாணவனும் ஒதுக்கிவிடுவான். எல்லா வகுப்பிலும் "ஆதாரம் என்ன?" என்ற கேள்வி எழ வேண்டும். அதற்கு ஆசிரியர்கள் முதலில் தேற வேண்டும்.

ஒரே கணக்கு, இரண்டு பாடம்

2007-ல் வெளியான ஜெர்மன் சோதனை ஒன்றைப் பாருங்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு முறைப்படி ஊசி. இரண்டாம் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலாகக் குத்திய போலி ஊசி. மூன்றாம் பிரிவுக்கு மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை.

ஆறு மாதத்துக்குப் பின் குணம் கண்டவர்கள், நூற்றுக்கு 47.6, 44.2, 27.4 என்ற கணக்கில் இருந்தார்கள்.

"வழக்கமான சிகிச்சையை ஊசி வென்றது!" என்பார் ஒருவர். அது உண்மை. "போலி ஊசியும் ஏறக்குறைய அதே பலன் தந்ததே!" என்பார் இன்னொருவர். அதுவும் உண்மை. ஊசி குத்தும் இடம்தான் முக்கியமா? வைத்தியரின் கவனிப்பும் நோயாளியின் நம்பிக்கையும் எவ்வளவு வேலை செய்தன? இந்தக் கேள்விகளை மறைக்காமல் மாணவர்முன் வைப்பவரே நல்ல ஆசிரியர். தமக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்பவர் விளம்பரக்காரர்!

யாருக்கு லாபம்?

ஆதாரத்தை எடைபோடத் தெரிந்தவர், "இந்த வலிக்கு முயன்று பார்க்கலாம், அந்த நோய்க்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று பிரித்துச் சொல்வார். தெரியாதவர் எல்லாவற்றுக்கும் ஊசியையே நீட்டுவார். நோயாளியின் காசு போகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும்.

ஓரிகன் கல்லூரி 2024-ல் மூடப்பட்டுவிட்டது. அது எழுப்பிய கேள்வி மட்டும் நிற்கிறது. ஊசி வைத்தியமோ, நாட்டு மருந்தோ, ஆங்கில வைத்தியமோ, எதுவானாலும் "ஆதாரம் என்ன?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. நேராகப் பதில் சொல்வது வைத்தியரின் கடமை. அதைக் கற்றுத் தர வேண்டியவர் ஆசிரியர்!