தாயுணவும் சேயுறக்கமும்
(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல் மாணவி ஒருவர்)

தாலாட்டுக்கு உறங்காத குழந்தையும் உண்டோ என்று கேட்பார்கள். உண்டு. மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டுத் தூளியிலேயே ஒன்று கிடக்கிறது. அது என் அக்காளின் தலைப்பிள்ளை. பகலெல்லாம் சமர்த்தாக உறங்கும். ஊர் அடங்கி, தென்பெண்ணைப் பக்கமிருந்து குளிர்காற்று வீசத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். அம்மாவும் அக்காளும் நானும் முறை வைத்துத் தூளி ஆட்டிய இரவுகள் பல. மறுநாள் காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக் கல்லூரிக்கு வந்த நாள்களும் உண்டு.

குழந்தையின் அழுகையைவிட என்னை வருத்தியது வேறொன்று. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “மாசமா இருக்கும்போது இவ என்னத்தைத் தின்னா?” பலாச்சுளை தின்றிருப்பாள் என்றார் ஒருவர். கத்தரிக்காயும் கருவாடும்தான் காரணம் என்றார் மற்றொருவர். அக்காள் ஒன்றும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிள்ளை பெற்ற உடம்பு ஆறுவதற்குள் ஒரு தாய் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டாள். அவளுக்காக வாதாடவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அக்காள் பத்தாம் வகுப்போடு நின்று கூலிக்குப் போனாள். அவள் கொண்டுவந்த காசில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. நான் கற்ற விலங்கியல் அவளுக்கு ஒரு வேளை உதவாவிட்டால் அந்தப் படிப்பால் என்ன பயன்?

முதலில் குழந்தையின் பக்கத்தைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு இரவு எது, பகல் எது என்று தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முதல் மூன்று மாதங்களில் குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்க வேண்டும். அதை ஒரே மூச்சில் உறங்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. சின்னஞ்சிறு வயிறு விரைவில் காலியாகிறது, பசித்தால் விழிக்கிறது. இருட்டியதும் உறக்கத்துக்கு அழைக்கும் ‘மெலடோனின்’ என்னும் சுரப்புநீர் அதன் உடம்பில் ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். கருவில் இருந்தவரை தாயின் மெலடோனினே நஞ்சுக்கொடி வழியாக அதற்குக் கிடைத்தது. பிறந்த பிறகு தாயின் இரவுப் பாலில் அது மிகுதியாகவும், பகற்பாலில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. ஆகவே, இரவில் விழிக்கும் பச்சிளங்குழந்தையிடம் குற்றமும் இல்லை, அதன் தாயிடம் குற்றமும் இல்லை. அது இயற்கையின் பாடத்திட்டம்.

அப்படியானால் கருவுற்ற காலத்து உணவுக்கும் குழந்தையின் உறக்கத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் நம் ஊரார் தேடும் இடத்தில் அது இல்லை.

ஜப்பானில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019-இல் வெளிவந்தது. சோயா மொச்சையை நொதிக்க வைத்துச் செய்யும் ‘மிசோ’ சாற்றைக் கருவுற்ற காலத்தில் மிகுதியாக அருந்திய தாய்மாரின் குழந்தைகளிடையே, ஒரு வயதில் 11 மணி நேரத்துக்கும் குறைவாக உறங்குவோர் சற்றுக் குறைவாக இருந்தனர். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட சிறிய ஆய்வோ மீன் கொழுப்பில் உள்ள டி.எச்.ஏ. என்னும் பொருளைப் பற்றியது. தாயின் இரத்தத்தில் அது மிகுந்திருந்தால், பிறந்த குழந்தையின் உறக்கம் கூடுதல் முதிர்ச்சியுடன் இருந்தது. சிலி நாட்டிலோ, கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்துக் குறைவால் சோகை கண்ட பிள்ளைகளின் உறக்க அமைப்பு, சோகை நீங்கிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரும் மாறுபட்டே இருந்தது.

இவையெல்லாம் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, ‘இதை உண்டால் பிள்ளை உறங்கும்’ என்று சத்தியம் செய்யவில்லை. மிசோ சாறும் நம் பழைய சோறும் கம்பங்கூழும் நொதித்த உணவுகளே என்றாலும், ஜப்பானியரின் முடிவை அப்படியே நம் பானையில் ஊற்றிவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த ஆய்வும் ‘தாய் தின்றதால் கெட்டது’ என்று சொல்லவில்லை. தாய்க்கு நல்லுணவு கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதைச் சுற்றியே அவை நிற்கின்றன. நாம் கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன தின்றாள்?’ என்பதன்று, ‘என்ன கிடைக்கவில்லை?’ என்பதே.

அக்காளின் தாய்-சேய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே சோகை.

“மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டியாக்கா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டா வாந்தி வருது. வெளிக்குப் போனா கறுப்பா போவுது. பயந்துகிட்டு நிறுத்திட்டேன். யார்கிட்ட போய்ச் சொல்றது?” என்றாள்.

கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, அஞ்சத் தேவையில்லை என்ற ஒரு சொல் அவள் காதில் விழவில்லை. மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்பதும், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்கு சேரும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. பசியை மறக்க அவள் நாளெல்லாம் குடித்தது தேநீர்தான். அதிலுள்ள காஃபீன் நமக்குச் சில மணி நேரத்தில் பாதியாகக் குறையும். பச்சிளங்குழந்தையின் உடம்பில் அப்படிக் குறைய மூன்று நான்கு நாள்கள்கூட ஆகும்.

கருவிலுள்ள குழந்தை தனக்கு வேண்டிய இரும்பைப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து வாங்கிச் சேமிக்கிறது. கொடுப்பவளிடமே இல்லாதபோது வாங்குபவனுக்கு எங்கிருந்து வரும்? அக்காளின் பிள்ளை விழித்திருப்பது இதனால்தான் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அது எனக்குத் தெரியாது. ஆனால் 8.6 என்ற எண் பலாச்சுளையால் வந்ததன்று என்பது தெரியும்.

அது பந்தியால் வந்தது. எல்லாரும் உண்ட பிறகு அடிச்சட்டியில் உள்ளதை உண்பவள் மருமகள். ‘நிறைய தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்’ என்ற அச்சம் வேறு. அதனால் எட்டாம் மாதத்திலிருந்து அவளுடைய சோற்றைக் குறைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமோ, கருவுற்றவள் வழக்கத்தைவிட நாளுக்கு 350 கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கலோரியும் கூடுதலாகப் பெற வேண்டும் என்கிறது. கூட்ட வேண்டிய இடத்தில் நாம் கழிக்கிறோம்.

அரசு கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் 2018 முதல் 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது. பணத்தோடு பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு கொண்ட ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. அக்காளுக்கும் பெட்டகம் வந்தது. பேரீச்சம்பழம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று, நெய் வந்த விருந்தாளிக்குப் போயிற்று, டானிக் பாட்டில் அலமாரியில் நின்றது. கோட்டையிலிருந்து வீட்டு வாசல்வரை வந்த உதவி, வாசலிலிருந்து அவள் வாய்வரை செல்லவில்லை. அந்தக் கடைசி ஐந்தடி தூரத்தை எந்தச் சட்டம் கடக்கும்? வீட்டு ஆண்களும் மாமியாரும்தான் கடக்க வேண்டும்.

இது என் அக்காளின் கதை மட்டுமன்று. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேர் சோகையுடையோர். இந்திய அளவில் 52 பேர். சோகை கருவோடு பிறப்பதும் இல்லை. சென்ற ஆண்டு சோதனைச்சாலையில் விரலைக் குத்தி எங்கள் இரத்தத்தையே சோதித்தோம். எனக்கு 9.8 வந்தது. கருவுறாத பெண்ணுக்கு 12 வேண்டும். என் பக்கத்தில் நின்ற தோழியரில் பலர் நிலை இதுவே. பள்ளியில் வாரந்தோறும் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சுற்றுச்சுவருக்கு அப்பால் எறிந்தவர்கள் நாங்கள்தான். நாளைய தாயின் சோகை இன்றைய மாணவியிடமே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தை உறங்கட்டும் என்று கசகசாவை அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் சிலர். கசகசா என்பது அபினிச் செடியின் விதை. அதனால் குழந்தை மயங்கும், மூச்சும் தளரும். வசம்பு உரைத்துப் புகட்டுவதையும் விட்டுவிடுவதே நன்று. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்பதே மருத்துவ உலகின் முடிவு. பாட்டிமார் அன்பால்தான் சொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களின் கேழ்வரகுக் கூழையும் முருங்கைக்கீரையையும் கைகூப்பி ஏற்போம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. கல்வராயன் மலைச் சாமையும் தினையும், சந்தையில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் ஏழையின் கைக்கு எட்டக்கூடியவையே. ஏற்க வேண்டியதை ஏற்று, விட வேண்டியதை விடுவதற்குத்தானே படித்தோம்?

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். அவற்றோடு, ஆரம்பச் சுகாதார நிலையத்தாரைத் துணைக்கு அழைத்து, ஊர்ப்பெண்களின் இரத்தத்தைச் சோதிக்க ஒரு நாள் ஒதுக்குவோம். மாத்திரை ஏன், எப்போது, எதனோடு உண்பது என்று அவர்கள் மொழியில் சொல்வோம். அதற்கு முன் நம் கல்லூரி மாணவியர் எல்லாருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அச்சோதனை நடக்க வேண்டும். ஆண் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக உண்பவர் யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அக்காளுக்கே முதல் தட்டு. அம்மாவே போடுகிறார், நான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன். குழந்தை? நேற்றிரவும் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டது. விழிக்கட்டும், இரண்டு மாதம்தானே ஆகிறது. தூளி ஆட்ட நாங்கள் மூவர் இருக்கிறோம். “என்னத்தைத் தின்னா?” என்று கேட்க மட்டும் இப்போது யாரும் இல்லை.